இத்தலார் வெயிலும் பாலைவனப் பல்லியும்



பாலைவனப் பல்லிக்கு வெயிலிலிருந்து கிடைப்பவை இரண்டு: உடம்புக்குச் சூடு, தோலுக்குப் புற ஊதாக் கதிர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலும் தார்ப் பாலையிலும் இரண்டும் ஒரே வேளையில், ஒரே பாறையின் மேல் சேர்ந்தே விழுகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் இருக்கும் நீலகிரி மலையூரான இத்தலாரில் அவை பிரிந்துவிடுகின்றன. மேகமில்லாத நண்பகலில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதலாகவே இறங்குகிறது. காற்றோ இருபது டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இரண்டுமே இல்லை. வளர்ப்புக் குறிப்புகள் என்று கைக்குக் கை மாறுபவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடு இருக்கும், வானத்தில் புற ஊதாக் கதிர் இருக்காது. இங்கே நிலைமை தலைகீழ். அந்தக் குறிப்புகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் வீடுகளில் கால்சியம், வைட்டமின் பவுடர் டப்பாக்கள் வரிசையாக நிற்க, பல்லியின் கால் வளைந்துகொண்டிருக்கும்.

இந்த மடலில் முதன்மையாகப் பேசப்படுவது பியர்டட் டிராகன் என்னும் ஆஸ்திரேலியப் பல்லி. நம் வேலியோர ஓணானும் அதுவும் ஒரே குடும்பம். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிரோடு வெளியே அனுப்புவதில்லை. எனவே சந்தையில் கிடைப்பவை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. அடுத்தது லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் கல் நிறைந்த வறண்ட நிலம் அதன் தாயகம். மூன்றாவது, முள்வால் கொண்ட யூரோமாஸ்டிக்ஸ். இதன் இந்திய உறவினமான முள்வால் பல்லி கட்ச்சிலும் ராஜஸ்தானிலும் வாழ்கிறது. தெருவோரத்தில் ‘சாண்டா எண்ணெய்’ விற்பவர்களால் கொல்லப்படுவது அதுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அயல்நாட்டு இனங்களிலும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை, 2022-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின்படியும் 2024-இல் வந்த விதிகளின்படியும் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். யூரோமாஸ்டிக்ஸ் வகைகளும் பச்சை இகுவானாவும் அந்தப் பட்டியலில் உண்டு. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் கடத்திவரப்படும் பல்லிகள் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. வாங்கும்போது ரசீதும் பிறப்பிடமும் கேட்பது வளர்ப்பவருக்கே பாதுகாப்பு.

இனி தோலுக்குள் நடப்பது. பல்லியின் தோலில் கொலஸ்டிராலோடு உறவுள்ள ஒரு பொருள் இருக்கிறது. 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ‘பி’ கதிர் அதன்மேல் பட்டால் அது வைட்டமின் டி-3-க்கு முந்தைய பொருளாக மாறும். இதுவரை ஒளியின் வேலை. அந்த முந்தைய பொருள் உண்மையான டி-3 ஆக மாறுவதற்கு ஒளி தேவையில்லை, சூடு தேவை. உடம்பு சூடாக இருந்தால் சில மணி நேரத்தில் பெரும்பகுதி மாறிவிடும். குளிர்ந்த உடம்பில் அதே மாற்றம் இழுத்துக்கொண்டே போகும். பிறகு டி-3 கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றம் பெற்று, குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சவைக்கும் ஹார்மோனாக வேலைக்கு வருகிறது. இடையில் ஒரு பாதுகாப்பும் உண்டு. வெயில் அளவுக்கு மீறினால் முந்தைய பொருளின் உபரி வேறு செயலற்ற பொருட்களாகச் சிதைந்துவிடும். வெயில் காய்ந்து எந்தப் பல்லிக்கும் டி-3 நஞ்சு ஏறியதில்லை. வாய்வழியே கொடுக்கும் டி-3-க்கு இப்படி ஒரு தடுப்பு கிடையாது.

ஒளிக்கும் எலும்புக்கும் உள்ள இந்தத் தொடர்பு முதலில் மனிதக் குழந்தைகளிடம்தான் நிறுவப்பட்டது. பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919-இல் ரிக்கெட்ஸ் என்னும் எலும்புருக்கம் கண்ட குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் கீழ் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார். பல்லிகளில் இதை நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊனிங்ஸும் உடன் ஆய்வாளர்களும் பியர்டட் டிராகன் குஞ்சுகளில் ஒரு பகுதிக்குப் புற ஊதா ஒளியும் மறு பகுதிக்கு வெவ்வேறு அளவில் வாய்வழி டி-3-யும் கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரமே ஒளி பெற்ற குஞ்சுகளின் இரத்த அளவை, வாய்வழி பெற்றவை எட்டவே இல்லை. பவுடரால் விளக்கை ஈடுகட்டலாம் என்ற கடைக்காரர் பேச்சு இந்த ஓர் ஆய்விலேயே முடிந்துவிட்டது. கடைகளில்தான் இன்னும் முடியவில்லை.

இத்தலாரில் வெயில் அடிக்கும் நாட்களுக்கு வேறு எந்த விளக்கும் ஈடில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொரு பாகையில் இருக்கும் இம்மலையில், தெளிந்த நண்பகலில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தொடுவது சாதாரணம். பியர்டட் டிராகன் வெயில் காயும் இடத்தில் அதற்கு 3 முதல் 5 வரை இருந்தால் போதும். எனவே உச்சிவேளை வேண்டாம். காலை ஒன்பதரையிலிருந்து பதினொரு மணிக்குள் அரை மணி நேரம் போதும். கூண்டில் பாதி கட்டாயம் நிழலாக இருக்க வேண்டும்.

தடை போடுவது காற்றுதான். குளிர்ந்த காற்று வீசும் மேட்டில் வைத்த பல்லிக்குக் கதிர் கிடைக்கும், சூடு கிடைக்காது. மேலே சொன்ன இரண்டாம் மாற்றம் தோலிலேயே தேங்கிவிடும். இந்தச் சிக்கலை இம்மலையின் சொந்த ஓணான் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. சலேயா என்று உயிரியலார் அழைக்கும் முள்செதில் ஓணான் நீலகிரி, பழனி மலைகளின் உயரங்களுக்கே உரியது. ஊட்டிப் பக்கத்து வேலிகளிலும் புதர்களிலும் அதைக் காணலாம். காலை வெயில் ஏறியதும் செடியின் உள்ளிருந்து வெளி இலைகளுக்கு வந்து, உடம்பைத் தட்டையாக்கி, பக்கவாட்டை வெயிலுக்குக் கொடுத்து நிற்கும். சூடேறியதும் உள்ளே போய்விடும். காற்று மறைவும் வெயிலும் ஒரு முழ தூரத்துக்குள் அதற்கு அமைந்துவிடுகின்றன. வளர்ப்புப் பல்லிக்கும் அப்படியே அமைக்கலாம்: அகன்ற கண்ணுள்ள கம்பிவலைக் கூண்டு, மூன்று பக்கம் பலகை மறைப்பு, தரையில் முன்கூட்டியே வெயிலில் வைத்துச் சூடேற்றிய கருங்கல். கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி வந்துவிட்டதா என்று அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்த பிறகே பல்லியை விட வேண்டும். காக்கை, பருந்து, பூனை மூன்றும் உள்ள ஊர் என்பதால் ஆள் பக்கத்தில் இருப்பது அவசியம். சலேயாவைப் பிடித்துவந்து சேர்த்து வளர்க்கும் ஆசை எவருக்கும் வரக் கூடாது. அதுவும் காட்டுயிர்.

கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது இரட்டைத் தவறு. சன்னல் கண்ணாடி புற ஊதா ‘பி’ கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். தொட்டியின் உள்ளே சூடு மட்டும் நிமிடங்களில் கொல்லும் அளவுக்கு ஏறும். மொட்டை மாடிக்கு மேல் போடும் பாலிகார்பனேட் தகடும் அப்படியே தடுக்கும். பூ வளர்க்கும் பாலி ஹவுஸுக்குள் கூண்டை வைத்தால் என்ன என்பது இந்த மலையில் எழும் இயல்பான கேள்வி. சூடு உண்டு, காற்று இல்லை, வெளிச்சமும் தாராளம். ஆனால் அந்தத் தாள் வெயிலில் மக்காமலிருக்க அதில் சேர்க்கப்படும் பொருட்கள் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. செடிக்கு அது போதும். பல்லிக்குப் போதாது.

மழைக்காலம் வேறு கதை. எமரால்டுக்கு அப்பால் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அத்தகைய வாரங்களில் கூண்டை வெளியே எடுக்கும் பேச்சே இல்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை இரு பருவமழைகளுக்கும் இடையில் கிடைக்கும் வெயில் நாட்களை நம்பி வளரும் குஞ்சை விடவும் முடியாது. அப்போது விளக்கு வேண்டும்.

விளக்கு வாங்குவதில் சில்லறை மிச்சம் பிடிப்பது வீண். நீளக் குழல் வடிவில் வரும் டி5 வகை விளக்குதான் இன்றைய நிலையில் நம்பகமானது. புற ஊதா ‘பி’ 10 அல்லது 12 விழுக்காடு எனக் குறித்த குழல், பின்னால் பிரதிபலிப்புத் தகடோடு, பியர்டட் டிராகனின் முதுகிலிருந்து 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வெயில் காயும் இடத்துக்கு வேண்டிய கதிர் கிடைக்கும். கூண்டின் நீளத்தில் பாதிக்குமேல் குழல் நீள வேண்டும். மறுபாதி நிழலாக இருக்கட்டும். இடையில் கொசுவலை போன்ற நுண்ணிய வலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். அப்போது குழலை வலைக்கு உள்ளே மாட்ட வேண்டும். சிறிய சுருள் விளக்குகளின் கதிர் ஒரு கை அகலத்துக்கு மேல் பரவாது. பாதரச ஆவி விளக்கு சூடும் கதிரும் ஒருங்கே தரும், ஆனால் அதைத் தெர்மோஸ்டாட்டில் இணைக்க முடியாது. சாதாரண எல்.இ.டி. விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் அதில் புற ஊதா ‘பி’ இல்லை.

எல்லாப் பல்லிக்கும் ஒரே அளவு பொருந்தாது. அமெரிக்க ஆய்வாளர் கேரி பெர்குசன் குழுவினர் 2010-இல், பல்லிகள் காட்டில் உண்மையில் பெறும் கதிரை அளந்து நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். அந்த வரிசையில் அந்தி நேரத்தில் வெளிவரும் லெப்பர்ட் கெக்கோ முதல் வகை. அதற்குக் குறியீடு 1-ஐ ஒட்டினாலே போதும், 5 முதல் 7 விழுக்காட்டுக் குழல் தாராளம். பியர்டட் டிராகன் மூன்றாவது. நடுப்பகலில் பாறைமேல் கிடக்கும் யூரோமாஸ்டிக்ஸ் நான்காவது. கெக்கோவுக்கு விளக்கே வேண்டாம் என்பது பழைய பாடம். குறைந்த கதிர் பட்டாலும் அதன் இரத்தத்தில் வைட்டமின் டி உயர்வது பின்னர் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. நிறம் வெளுத்த வகைகளுக்கும் ‘சில்க்பேக்’ எனப்படும் செதிலற்ற டிராகனுக்கும் வழக்கமான அளவே தோலைச் சுட்டுவிடும். அவற்றுக்குப் பாதி போதும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் 120 வோல்ட் விளக்கை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் அந்த நொடியே போய்விடும். குழல் எரிந்துகொண்டிருப்பதால் கதிர் வருகிறது என்று பொருளில்லை. டி5 குழலை ஓராண்டிலும் பழைய பருத்த குழலை ஆறு மாதத்திலும் மாற்றுவது வழக்கம். மாட்டிய தேதியை அதன் மூடியிலேயே எழுதி வைக்கலாம். மூன்றாவது, உயிருக்கே ஆபத்தானது: தண்ணீர் சுத்திகரிப்பானிலும் கிருமி நீக்கத்திலும் வரும் புற ஊதா ‘சி’ குழலைப் பல்லிக்கு மாட்டக் கூடாது. அது பல்லியின் கண்ணையும் வளர்ப்பவர் கண்ணையும் சேர்த்தே கெடுக்கும்.

சூட்டுக்கு வருவோம். இத்தலாரில் முதல் செலவு இதற்குத்தான் போக வேண்டும். வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு பியர்டட் டிராகனுக்கு 40 முதல் 42 டிகிரி, யூரோமாஸ்டிக்ஸுக்கு 50 வரை; லெப்பர்ட் கெக்கோவின் சூடான பொந்துத் தரை 31 முதல் 33. கூண்டின் மறுகோடி 25-ஐ ஒட்டி இருந்தால் பல்லி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். பகலுக்குச் சிறிய ஹாலஜன் விளக்கு நல்லது. அதன் அகச்சிவப்பு தசை வரை இறங்கும். இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகாமல் வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு வைக்கலாம். சிவப்பு விளக்கு தூக்கத்தைக் கெடுக்கும். மின்சாரத்தில் சுடும் செயற்கைப் பாறை வயிற்றைப் பொசுக்கும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், நல்ல சூடும் காற்றோட்டமும் சேர்ந்தால்தான் கூண்டு உலர்ந்திருக்கும். இல்லாவிட்டால் நுரையீரல் நோய் வரும். கண்ணாடித் தொட்டியைவிட மூன்று பக்கம் மரம் வைத்த கூண்டு இங்கே சூட்டைத் தக்கவைக்கும்.

செலவுக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். 100 வாட் ஹாலஜனும் 39 வாட் குழலும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருவதும் அதே 100 யூனிட்தான். அதை அப்படியே பல்லி சாப்பிட்டுவிடும். இரவு ஹீட்டர் தனிக் கணக்கு. குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தும், காற்றில் மரம் சாய்ந்தால் இந்த ஊர்களுக்கும் இருட்டுதான். மின்சாரம் இல்லாத நாளில் பல்லிக்கு இரை போடக் கூடாது. உடம்பு சூடாக இல்லாவிட்டால் செரிமானம் நின்று, தின்றது வயிற்றிலேயே அழுகும். கூண்டைக் கம்பளியால் போர்த்தி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை உள்ளே வைத்தால் ஓரிரவைக் கடத்திவிடலாம்.

ஒளியும் சூடும் சரியான பிறகு பவுடர். உணவில் கால்சியம் இரண்டு பங்குக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்க வேண்டும். கிரிக்கெட் பூச்சியிலும் மீல்வார்மிலும் இது தலைகீழ்: ஒரு பங்கு கால்சியத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் பாஸ்பரஸ். இந்தக் கணக்கு நாள்தோறும் துண்டு விழுந்தால், இரத்தத்தில் கால்சியத்தைக் காப்பாற்ற பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைக்கத் தொடங்கும். விலங்கு மருத்துவர்கள் வளர்சிதை எலும்பு நோய் என்று சொல்வது இதைத்தான். கருப்புச் சிப்பாய் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு. அதில் கால்சியம் மிகுதி.

எனவே பூச்சியைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் அதற்கே கீரையும் கேரட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பி, கொடுக்கும் வேளையில் சுத்தமான கால்சியம் கார்பனேட் தூளில் புரட்ட வேண்டும். வளரும் குஞ்சுக்கு இது நாள்தோறும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. விளக்கோ வெயிலோ ஒழுங்காக இருக்கும் வீட்டில் இந்தத் தூளில் டி-3 தேவையில்லை. வாரம் ஒருமுறை கொடுக்கும் மல்டிவைட்டமினில் உள்ளதே போதும். விளக்கு இல்லாமல் வளரும் கெக்கோவுக்கு மட்டும் டி-3 சேர்ந்த கால்சியம் வாரம் ஒன்றிரண்டு முறை. மல்டிவைட்டமினில் வைட்டமின் ஏ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது குறைந்தால் கெக்கோவின் இமை வீங்கி, உரிந்த தோல் கண்ணில் ஒட்டிக்கொள்ளும்; மிகுந்தால் தோலே உரிந்து புண்ணாகும். திறந்த டப்பா இம்மலை ஈரத்தில் சீக்கிரம் கட்டி தட்டும். ஆறு மாதத்துக்கு மேல் அதில் வைட்டமின் இருக்கும் என்று நம்ப முடியாது.

வீட்டிலிருப்பதை வைத்துச் சமாளிக்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் உயிருக்கு உலை வைக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் டி-3 பொட்டலம் அறுபது கிலோ மனிதருக்கு ஒரு வாரத்து மருந்து. 400 கிராம் டிராகனின் எடை அதில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகை எவ்வளவு என்று எவராலும் அளக்க முடியாது. மிகுந்த டி-3 சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் சுண்ணாம்பாகப் படியும். படிந்ததைக் கரைக்க வழியில்லை. மாட்டுக்கு ஊற்றும் கால்சியம் டானிக்கும் உதவாது. கறவைக்கு வேண்டிய பாஸ்பரஸும் அதில் சேர்ந்தே இருப்பதால் கணக்கு நேராகாது. வெற்றிலைச் சுண்ணாம்பு காரம், வாயைப் புண்ணாக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக இடித்தால் அது நல்ல கால்சியம் கார்பனேட். விலையும் குறைவு.

வளர்ந்த பியர்டட் டிராகனின் உணவில் பெரும்பகுதி கீரைதான். இந்த வகையில் நீலகிரிக்காரருக்குக் குறையே இல்லை. இங்கிலீஷ் காய்கறி பயிராகும் மண்ணில், சந்தைக்குப் போகுமுன் வெட்டி எறியப்படும் டர்னிப் இலையும் முள்ளங்கி இலையும் கால்சியம் மிக்கவை. வரப்போரம் தானாக முளைக்கும் டேன்டிலியனும் அப்படியே. பாலக்கும் பீட்ரூட் இலையும் வேண்டாம். அவற்றின் ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். முட்டைக்கோஸ் எப்போதாவது கொஞ்சம். மருந்தடித்த தோட்டத்து இலையும், தேயிலைச் செடிகளிடையே பிடித்த வெட்டுக்கிளியும் கூண்டுக்குள் போகக் கூடாது.

நோய் தொடங்குவதைக் கைவிரலால் அறியலாம். நலமான டிராகனின் கீழ்த்தாடை விளிம்பு கெட்டியாக இருக்கும். மெல்ல அழுத்தும்போது ரப்பர் போல வளைந்தால் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது. கால்விரல் நுனிகள் துடிப்பது, முன்கால் வீங்கித் தெரிவது, வயிற்றைத் தரையிலிருந்து தூக்காமல் இழுத்து நடப்பது, முதுகெலும்பு நெளிவது எல்லாம் அதன் அடுத்தடுத்த நிலைகள். குளிர் மாதங்களில் இரை தின்னாமல் சுருண்டிருப்பதைக் குளிர்கால உறக்கம் என்று எண்ணி விட்டுவிடுவதும் இங்கே நடக்கிறது. உறங்கும் பல்லிக்குத் தாடை மெலியாது.

அறிகுறி தெரிந்த பின் பவுடரைக் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை. எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும், ஊசிவழிக் கால்சியம் மருத்துவர் கையால்தான் ஏற வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போனாலும், கோவையில் அயல் விலங்குகளைப் பார்க்கும் மருத்துவரிடம் போனாலும், பல்லியோடு பவுடர் டப்பாவையும் விளக்கின் அட்டைப்பெட்டியையும் கூண்டின் படத்தையும் கொண்டுபோங்கள். மலை இறங்கும் வழியில் பல்லியைத் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பேருந்தின் சன்னல் காற்று அதன்மேல் படக் கூடாது.